இத்தாலியில் ஒரே ஒரு பந்தயம்: மோன்சாவா, இமோலாவா, முஜெல்லோவா?

இத்தாலிக்குப் போய் ஒரு மோட்டார் பந்தயத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாக எண்ணி, அதற்கான பணத்தையும் விடுப்பையும் ஒருமுறைதான் திரட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் யோசிக்காமலே மோன்சாவைத் தேர்ந்தெடுத்து விடுகிறார்கள். அது பிழையான தேர்வு அன்று. ஆனால் அந்த நாட்டில் உலகத் தரப் பந்தயம் நடக்கும் தடங்கள் வேறும் உள்ளன. அவற்றில் இமோலாவும் முஜெல்லோவும் மோன்சாவுக்கு இணையான வரலாறு உடையவை, சில வகைகளில் அதைக் காட்டிலும் பார்வையாளருக்கு அதிகம் தருபவை. மிலானுக்கு அருகே மோன்சா, பொலோனியாவுக்குக் கிழக்கே இமோலா, புளோரன்ஸுக்கு வடக்கே முஜெல்லோ என மூன்றும் ஒன்றுக்கொன்று சில மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தாலும், மூன்றிலும் பெரிய பந்தயங்கள் நடக்கும் மாதங்கள் வேறு, ஓடும் வண்டிகள் வேறு, கூடும் மக்களின் மனநிலையும் வேறு. எனவே எந்தத் தடம் சிறந்தது என்று கேட்பதைவிட, அங்கே போய் நாம் எதைப் பார்க்க விரும்புகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது பயன் தரும்.

மோன்சாவின் தகுதியை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 1922ஆம் ஆண்டு, பழைய அரச மாளிகையின் பூங்காவுக்குள், வெறும் 110 நாட்களில் கட்டி முடிக்கப்பட்ட தடம் அது. அதற்கு முன் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட பெருந்தடங்கள் என்று இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸையும் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸையும்தான் சொல்வார்கள். ஃபார்முலா 1 உலகப் போட்டி தொடங்கிய 1950 முதல், 1980ஆம் ஆண்டு ஒன்றைத் தவிர, இத்தாலிய கிராண்ட் பிரி ஒவ்வொரு ஆண்டும் இங்கேதான் நடந்திருக்கிறது; 2031 வரை நடப்பதற்கான ஒப்பந்தமும் கையெழுத்தாகி இருக்கிறது. 5.793 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றின் பெரும்பகுதியை ஓட்டுநர்கள் முழு வேகத்தில் கடக்கிறார்கள். 2025ஆம் ஆண்டு மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் இங்கு வென்ற பந்தயம் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டிய சராசரி வேகத்தில் முடிந்து, ஃபார்முலா 1 வரலாற்றிலேயே விரைவான பந்தயம் என்ற இடத்தைப் பிடித்தது.

இந்த வேகத்துக்கு மோன்சா கொடுத்த விலையும் பெரிது. 1955இல் எழுப்பப்பட்ட சாய்வான கான்கிரீட் வளையத்தின் மேல்விளிம்பு, ஒருவர் நிமிர்ந்து நடந்து ஏற முடியாத அளவுக்குச் செங்குத்தானது. சாலைத் தடமும் இந்த வளையமும் சேர்ந்து 10 கிலோமீட்டராக ஓடிய 1961ஆம் ஆண்டுப் பந்தயத்தில், உலகப் பட்டத்தை நெருங்கியிருந்த வோல்ஃப்காங் ஃபோன் ட்ரிப்ஸின் ஃபெராரி பார்வையாளர் பக்கம் பாய்ந்து அவரும் அங்கு நின்ற பலரும் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு ஃபார்முலா 1 அந்த வளையத்தில் ஓடவில்லை. 1970இல் யோகன் ரிண்ட் தகுதிச் சுற்றின்போது இறந்து, இறந்த பின் உலக வாகையர் ஆன ஒரே ஓட்டுநர் ஆனார். மறு ஆண்டுப் பந்தயத்தில் முதல் ஐந்து இடங்களைப் பிடித்தவர்களும் 0.61 நொடிக்குள் கோட்டைத் தொட, பீட்டர் கெத்தின் நூற்றில் ஒரு பங்கு நொடியில் வென்றார். ஒருவர் பின்னால் ஒருவர் காற்றை மறைத்துக்கொண்டு உருளும் அந்தக் கூட்டோட்டத்தின் வேகம் அச்சமூட்டியதால், 1972 முதல் தடத்தின் நடுவே சிக்கேன் எனப்படும் குறுகிய இடவலத் திருப்பங்களைப் புகுத்தி வண்டிகளை நிதானப்படுத்தினார்கள். பழைய சாய்வு வளையம் இன்றும் மரங்களுக்கிடையே நிற்கிறது. மோன்சாவுக்குப் போகிறவர் எந்தக் காரணத்துக்காகவும் அதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. பந்தய நாளின் பரபரப்பில் அதைத் தவறவிடுவது எளிது என்பதால் வெள்ளிக்கிழமையே அதற்கு ஒதுக்குவது நல்லது.

ஆனால் மோன்சாவில் பார்க்கக் கிடைக்கும் பெரிய காட்சி தடத்தில் இல்லை, அதைச் சூழ்ந்த மக்களிடம் இருக்கிறது. டிஃபோசி என்று இத்தாலியர் அழைக்கும் ஃபெராரி ரசிகர் கூட்டம், பந்தயம் முடிந்த சில நிமிடங்களில் வேலிகளைக் கடந்து நேர்ப்பாதையை நிரப்பி, தடத்தின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் வெற்றி மேடையின் அடியில் வந்து நிற்கும். 1988 ஆகஸ்ட் 14 அன்று ஃபெராரியின் நிறுவனர் என்ஸோ ஃபெராரி காலமானார். அந்த ஆண்டின் 16 பந்தயங்களில் 15ஐ மக்லாரன் அணி வென்றது; அது கைநழுவவிட்ட ஒரே பந்தயம் என்ஸோ மறைந்து நான்கு வாரங்களில் நடந்த மோன்சாப் பந்தயம். முன்னிலையில் இருந்த மக்லாரன் ஓட்டுநர் அயர்டன் சென்னா முடிவுக்கு இரண்டு சுற்றுகள் இருக்கையில் முதல் சிக்கேனில் ஒரு பின்தங்கிய காருடன் மோதி வெளியேற, பெர்கரும் மிலான்காரரான அல்போரெட்டோவும் ஃபெராரிக்கு முதலிரண்டு இடங்களைப் பெற்றுத் தந்தார்கள். மோன்சாவின் கடைசி வளைவுக்கு இப்போது அல்போரெட்டோவின் பெயர்தான் சூட்டப்பட்டிருக்கிறது. 2019இலும் 2024இலும் சார்ல் லெக்லெர் ஃபெராரியில் வென்றபோது நேர்ப்பாதையை நிறைத்த செந்நிறக் கடலைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மோன்சா சமதளத்தில், மரங்களுக்கு நடுவே அமைந்த தடம். இருக்கைச் சீட்டு வாங்காமல் பொது அனுமதிச் சீட்டோடு போகிறவர் விடியலுக்கு முன்பே வந்து வேலியோரம் இடம் பிடித்தாலும், அவருக்குக் கிடைப்பது ஒரு வளைவின் நுழைவோ நேர்ப்பாதையின் ஒரு துண்டோதான். சுற்றுக்கு ஒரு முறை சில நொடிகள் வண்டிகள் கடந்து போகும், மற்ற நேரமெல்லாம் பெரிய திரை கண்ணில் பட்டால் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் சிக்கேனின் மாடங்களிலோ அஸ்காரி திருப்பத்தின் மாடத்திலோ இருக்கை வாங்கினால் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைப்பதும் முந்தல்களும் தெரியும். ஆனால் இத்தாலியின் பந்தயச் சீட்டுகளில் விலை உயர்ந்தவை அவைதான், பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்தும் விடுகின்றன. செப்டம்பர் தொடக்கத்தில் மிலான் பகுதியில் விடுதி அறைகளின் வாடகை ஏறுவதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால், மூன்று தடங்களில் செலவு மிகுந்தது மோன்சாதான் என்பதில் ஐயமில்லை. மிலானிலிருந்து ரயிலில் வந்துவிடலாம் என்பது ஆறுதல். அந்த ரயில்களிலும் நிலையத்திலிருந்து பூங்கா வழியாகச் செல்லும் நீண்ட நடையிலும் கூட்டத்தோடு கூட்டமாகப் போக வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இமோலாவை இதற்கு எதிர்நிலையில் வைத்துப் பார்க்கலாம். எமிலியா ரொமாஞா மாநிலத்தில், சான்டெர்னோ ஆற்றின் கரையில், ஊருக்குள்ளேயே இருக்கும் 4.909 கிலோமீட்டர் தடம் அது. குன்றின் மேல் ஏறி இறங்கி, கடிகாரச் சுற்றுக்கு எதிராக ஓடுகிறது. ஊரின் பூங்கா தடத்தை ஒட்டியே இருக்கிறது; வீட்டு மாடிகளில் நாற்காலி போட்டுப் பந்தயம் பார்க்கும் குடும்பங்களும் உண்டு. என்ஸோ ஃபெராரியின் இளவயதில் இறந்த மகன் டீனோவின் பெயரை முதலில் தாங்கியிருந்த தடத்துக்கு, தந்தை மறைந்தபின் அவர் பெயரையும் சேர்த்தார்கள். 1980இல் மோன்சாவுக்குப் பதிலாக இத்தாலிய கிராண்ட் பிரியை நடத்திய இமோலா, 1981 முதல் 2006 வரை சான் மரீனோவின் பெயரில் ஃபார்முலா 1 பந்தயம் நடத்தியது. பின்னர் 2020இல் எமிலியா ரொமாஞா கிராண்ட் பிரி என்ற பெயரில் அது திரும்பி வந்தது. 2023 மே மாத வெள்ளத்தால் அந்த ஆண்டுப் பந்தயம் கைவிடப்பட்டது. 2025க்குப் பிறகு 2026 அட்டவணையில் இமோலாவுக்கு இடமில்லை. ஃபார்முலா 1 இல்லாத இமோலாவுக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வி நியாயமானது.

அதற்கு என் விடை, ஒரே வண்டியை ஓட்டுநர்கள் மாறி மாறிப் பல மணி நேரம் ஓட்டும் உலகத் தாங்குதிறன் போட்டி. 2024 முதல் ஏப்ரல் மாதத்தில் இங்கு ஆறு மணி நேரப் பந்தயம் நடக்கிறது. ஃபெராரி, டொயோட்டா, பிஎம்டபிள்யூ, கேடிலாக், பெஜோ போன்ற நிறுவனங்கள் தம் உச்சத் தர வண்டிகளுடன் மோதுகின்றன. ஃபார்முலா 1இல் 2008க்குப் பின் ஒரு பட்டமும் காணாத ஃபெராரி, இந்தப் போட்டியில் 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரான்சின் புகழ்பெற்ற லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றிருக்கிறது. தோற்றுத் தோற்றுச் சலித்த ரசிகனுக்கு, தன் அணி வெல்லும் வாய்ப்பு உள்ள இடத்தில் பந்தயம் பார்ப்பது ஒரு தனி நிம்மதி. அதற்காக வெற்றி உறுதி என்று பொருளில்லை. 2024இல் முதல் மூன்று இடங்களிலிருந்து புறப்பட்ட ஃபெராரிகள், மழை தொடங்கிய பிறகும் உலர்தட டயர்களை மாற்றாமல் நேரம் கடத்தியதால் பந்தயத்தை டொயோட்டாவிடம் இழந்தன. 2025இல் அலெஸ்ஸாண்ட்ரோ பியர் குய்தி, ஜேம்ஸ் காலடோ, அந்தோனியோ ஜோவினாட்ஸி ஆகிய மூவரும் ஃபெராரியில் அதே தடத்தில் வென்று கணக்கைத் தீர்த்தார்கள். மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு மாறிய வாலன்டினோ ரோஸியும் இந்த இரண்டு ஆண்டுகளிலும் பிஎம்டபிள்யூ காரில் இங்கு ஓடினார்.

பார்வையாளருக்கு இங்கே கிடைக்கும் வசதி மோன்சாவில் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆறு மணி நேரம் என்பதால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. இரண்டு மணி நேரம் தோசா வளைவின் மேட்டில், பிறகு ரிவாட்ஸாக் குன்றில், இடையில் ஊருக்குள் போய் ஒரு காப்பி என்று இடம் மாறி மாறிப் பார்க்கலாம். அணிகளின் கொட்டகைகளுக்கு முன்னால் நடந்து போகவும் ஓட்டுநர்களிடம் கையொப்பம் வாங்கவும் நேரம் ஒதுக்கப்படுகிறது. ஃபார்முலா 1இல் இதே அண்மைக்குத் தனியாகப் பெருந்தொகை செலுத்த வேண்டியிருக்கும்.

பந்தயமே இல்லாத நாளில் போனாலும் இமோலா ஒரு காரணத்துக்காகப் பார்க்கத் தக்கது. 1994 ஏப்ரல் 30 அன்று ரோலண்ட் ராட்சன்பெர்கரும் மறுநாள் மே 1 அன்று அயர்டன் சென்னாவும் இந்தத் தடத்தில் இறந்தார்கள். சென்னாவின் வண்டி மோதிய தம்புரெல்லோ வளைவு அடுத்த ஆண்டே சிக்கேனாக மாற்றப்பட்டது. வளைவின் உட்பக்கப் பூங்காவில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் சென்னாவின் சிலை இருக்கிறது. எதிரே தடத்து வேலியில் பிரேசில் கொடிகளும் பூக்களும் கடிதங்களும் இன்றும் வந்து சேர்கின்றன. ராட்சன்பெர்கரைத் தேடி வருபவர்கள் குறைவு. சென்னாவுக்கு முந்திய நாளில், அதே தடத்தில், தன் மூன்றாவது கிராண்ட் பிரி வார இறுதியில் இறந்த அந்த ஆஸ்திரியரையும் நினைத்துக்கொள்பவரே இமோலாவை முழுதாகப் பார்த்தவர் என்பேன்.

முஜெல்லோவுக்குப் போவதென்றால் கார்களை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள்களுக்கு மாற வேண்டும். டஸ்கனியின் மலைப்பகுதியில் ஸ்கார்பேரியா என்ற, கத்தி செய்யும் தொழிலுக்குப் பேர்போன சிற்றூரை ஒட்டி, 1974இல் திறக்கப்பட்ட இந்த 5.245 கிலோமீட்டர் தடத்தை 1988 முதல் ஃபெராரி நிறுவனமே வைத்திருக்கிறது. ஆனால் உலக அளவில் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது மோட்டார் சைக்கிள்களின் உச்ச உலகப் போட்டியான மோட்டோ ஜிபி. நேர்ப்பாதையின் முடிவில் மோட்டார் சைக்கிள்கள் மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டிப் பாய்கின்றன. 2023இல் பிராட் பைண்டர் தொட்ட 366.1 கிலோமீட்டர் அப்போது மோட்டோ ஜிபியின் உச்ச வேகமாகப் பதிவாயிற்று. ஃபார்முலா 1 இங்கு ஒரே ஒரு முறை, பெருந்தொற்று ஆண்டான 2020 செப்டம்பரில், ஃபெராரியின் ஆயிரமாவது கிராண்ட் பிரியாக ஓடியது. இருமுறை சிவப்புக் கொடி காட்டி நிறுத்தப்பட்ட அந்தப் பந்தயத்தை லூயிஸ் ஹாமில்டன் வென்றார். தமிழ் வாசகர்களில் பலர் இந்தத் தடத்தின் பெயரை முதன்முறை கேட்டது 2025 மார்ச்சில், நடிகர் அஜித்குமாரின் அணி இங்கு நடந்த 12 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோதாகத்தான் இருக்கும்.

பார்க்கும் வசதி ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் முஜெல்லோவுக்கு இத்தாலியில் நிகரில்லை. தடம் ஒரு பள்ளத்தாக்கின் உள்ளே இருபுறச் சரிவுகளிலும் ஏறி இறங்கிப் படர்ந்திருப்பதால், புல்மேட்டில் உட்கார்ந்தபடியே அடுத்தடுத்த பல வளைவுகளைப் பார்க்கலாம். ஒருவர் மற்றவரை எங்கே நெருங்குகிறார், எந்த வளைவில் முந்தத் துணிவார் என்பதைத் திரையின் துணையின்றித் தொடர முடிகிறது. மேட்டை நோக்கி எழும் அராபியாத்தா இரட்டை வளைவுகளின் அருகில் இடம் கிடைத்தால் வேறெங்கும் போகத் தேவையில்லை. இதற்கு ஈடாக நாம் இழப்பது தூக்கம். முஜெல்லோவில் யாரும் உறங்குவதில்லை என்பது அந்த ரசிகர்களே சொல்லிக்கொள்ளும் வழக்கு; கூடாரமடித்துத் தங்குவோர் இரவு முழுவதும் எஞ்சின்களை உறும விட்டுக்கொண்டிருப்பார்கள். குழந்தைகளுடன் போகிறவர்கள் கூடாரத்தை மறந்துவிட்டு ஊருக்குள் அறை எடுப்பதே நலம்.

கார் ரசிகர்கள், மோட்டார் சைக்கிள் ரசிகர்கள் என்ற இரண்டு கூட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு, தேர்வு செய்பவர் அறிந்திருக்க வேண்டிய முக்கியமான செய்தி. கார் பந்தயத்தில் இத்தாலியரின் பற்று ஓட்டுநரை விட வண்டியின் மீதே அதிகம். 1983இல் இமோலாவில், இத்தாலியரான ரிக்கார்டோ பத்ரேசே பிரபாம் காரில் முன்னிலைக்கு வந்த அதே சுற்றில் தடம் புரண்டபோது, வெற்றி பிரெஞ்சுக்காரரான பாட்ரிக் தம்பே ஓட்டிய ஃபெராரிக்குப் போகிறது என்பதால் கூட்டம் ஆரவாரித்தது. மோன்சாவில் இத்தாலிய கிராண்ட் பிரியை ஓர் இத்தாலியர் வென்றது 1966இல், லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டி காலத்தில். அதன் பிறகு 2025 வரை வேறெவரும் வெல்லாததை டிஃபோசிகள் பெருங்குறையாக எண்ணுவதாகத் தெரியவில்லை, ஃபெராரி வெல்லாவிட்டால் மட்டுமே வருந்துகிறார்கள். மோட்டார் சைக்கிளில் நிலை தலைகீழ். வாலன்டினோ ரோஸி 2002 முதல் 2008 வரை முஜெல்லோவில் தொடர்ந்து ஏழு முறை வென்றது ஹோண்டா, யமஹா என்ற ஜப்பானிய வண்டிகளில்தான். மலைச்சரிவுகள் அவருக்காக அவர் நிறமான மஞ்சளைப் பூசிக்கொண்டன. அவர் இத்தாலிய நிறுவனமான டுகாட்டிக்கு மாறிய 2011, 2012 ஆண்டுகளில் ஒரு வெற்றியும் பெறாதபோதும் மஞ்சள் குறையவில்லை. 2022இல் பிரான்செஸ்கோ பன்யாயா டுகாட்டியில் உலகப் பட்டம் வென்றபோதுதான், 1972இல் ஜாக்கோமோ அகோஸ்தினி எம்வி அகுஸ்தாவில் வென்றதற்குப் பின் முதன்முறையாக, இத்தாலிய வீரரும் இத்தாலிய வண்டியும் உச்ச வகுப்பில் ஒன்று சேர்ந்தார்கள். ஆயினும் 2025இல் ஸ்பெயின்காரரான மார்க் மார்கெஸ் டுகாட்டியிலேயே முஜெல்லோவை வென்றபோது, ரோஸியுடனான பழைய பகையை மறவாதவர்களிடமிருந்து சீழ்க்கையொலியும் எழுந்தது. இத்தாலிய வண்டியின் வெற்றியைவிட அவர்களுக்கு ஆள் யார் என்பதே பெரிதாக இருந்தது.

மிசானோவைப் பற்றி இரண்டு வரி போதும். ஏட்ரியாட்டிக் கடற்கரையில், ரோஸியின் சொந்த ஊரான தவுல்லியாவுக்கு அருகில், 2011இல் இறந்த மார்கோ சிமோன்செல்லியின் பெயரைத் தாங்கிய 4.226 கிலோமீட்டர் தடம் அது. செப்டம்பரில் அங்கு நடக்கும் மோட்டோ ஜிபியைக் கடற்கரை விடுமுறையோடு சேர்த்துக்கொள்ள விரும்புவோருக்கு ஏற்றது. தடமாக மட்டும் பார்த்தால் முஜெல்லோவின் அருகில் அது நிற்காது.

போக்குவரத்தில் இமோலாவே முந்துகிறது. பொலோனியாவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் ரயில் வந்து சேர்கிறது, நிலையத்திலிருந்து தடத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேர நடை. பொலோனியாவில் தங்கினால் நகரின் விளிம்பில் இருக்கும் டுகாட்டி அருங்காட்சியகத்தையும், மோதெனா வழியாக மரனெல்லோவின் ஃபெராரி அருங்காட்சியகத்தையும் அடுத்தடுத்த நாட்களில் பார்த்துவிடலாம். முஜெல்லோவுக்கு அருகில் நேரான ரயில் நிலையம் இல்லை. புளோரன்ஸிலிருந்து சான் பியேரோ வரை வரும் சிறு வழித்தட ரயிலும் அங்கிருந்து பேருந்தும் என்று மாறிப் போக வேண்டும், அல்லது கார் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஞாயிறு மாலை அந்த மலைச்சாலைகளில் நெரிசல் கரைய வெகுநேரம் ஆகும்.

எனவே என் பரிந்துரை இப்படி அமைகிறது. ஃபார்முலா 1 அல்லாத எதையும் பந்தயமாக மனம் ஏற்காது என்பவர் தயங்காமல் மோன்சாவுக்கே போகலாம். ஆனால் பொது அனுமதிச் சீட்டில் மிச்சம் பிடிக்கும் பணம், மூன்று நாட்கள் வேலியோரம் நின்றபின் மிச்சமாகத் தோன்றாது, ஆகவே இருக்கைக்குப் பணம் சேராவிட்டால் அடுத்த ஆண்டுவரை பொறுத்திருப்பது மேல். இரு சக்கரப் பந்தயத்தில் ஓரளவாவது ஈடுபாடு உள்ளவர், மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ நடக்கும் முஜெல்லோவை மற்ற எதற்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஃபெராரியின் மீது பற்று உண்டு, கையில் அளவான பணம்தான் உண்டு, உடன் வரும் குடும்பத்தாருக்குப் பந்தயத்தில் ஆர்வமும் இல்லை என்கிற நிலையில் இருப்பவருக்கு, நம்மில் பெரும்பாலோர் அந்த நிலையில்தான் இருக்கிறோம், ஏப்ரல் மாத இமோலாவே சரியான தேர்வு. அந்தக் கால வானிலையை நம்ப முடியாது என்பதால் மழைச்சட்டை கட்டாயம். இருக்கை மாடம் வேண்டாம் என்றால் தொடக்கத்தைத் தோசாவில் பார்த்துவிட்டு, மூன்றாம் மணி நேரத்துக்குள் ரிவாட்ஸாக் குன்றுக்கு ஏறிவிட வேண்டும், கடைசி மணி நேரத்தில் அங்கே நிற்க இடம் கிடைப்பது கடினம்.